காட்டாத கை

லட்சுமணசாமிக்கு நாளெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டத் தெரியும். தம்பிதுரைக்குக் கடைசிக் கோட்டுக்குப் பாயத் தெரியும். மில்லின் சைக்கிள் அணியில் இருவரையும் அதற்குத்தான் வைத்திருந்தார்கள். மேடு, எதிர்க்காற்று, துரத்தல் எல்லாம் லட்சுமணசாமி தலையில். தம்பிதுரை அவன் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஒண்டிக்கொண்டு வந்து, கடைசி நூறு கெஜத்தில் பாய்ந்து மாலையை வாங்கிக்கொள்வான். நல்ல பிழைப்பு!

வருடாந்திரப் பந்தயத்தில் ஜெயிக்கிறவன் ஒருவனுக்கு மட்டும் மில்லில் நிரந்தர வேலை. தொண்ணூற்று மூன்றில் அது தம்பிதுரைக்குக் கிடைத்தது. "அடுத்த வருசம் உனக்குத்தான் மாப்ளே. நான் பொறத்தாலயே வாரேன். சென்னிமலையான் மேல சத்தியம்" என்றான்.

அந்த அடுத்த வருடம் வந்தது. கோவையிலிருந்து சத்தியமங்கலம். புளியம்பட்டி தாண்டியதும் இவர்கள் இருவரும் மற்றவர்களைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போனார்கள். முன்னால் போகிறவன் குழியையோ மாட்டையோ கண்டால் இடது கையை இறக்கிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் தலையைக் கவிழ்த்து மிதிப்பான். அவனுக்கு அந்தக் கைதான் கண்.

சத்தி ஊர் எல்லை தெரிந்ததும் தம்பிதுரை பக்கத்தில் ஏறி வந்தான்.

"மாப்ளே, கோட்டப் பாத்தா என்ற காலு எம்பேச்சக் கேக்காது."

"சத்தியம் பண்ணிப்போட்டு இப்ப என்னடா பேசற?"

பதிலுக்குத் தம்பிதுரையின் முழங்கை அவன் விலாவில் இறங்கியது. அடுத்தது வாயில். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. லட்சுமணசாமிக்கு வெறி ஏறியது. தம்பிதுரையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, தலையால் மூக்கில் ஒரு முட்டு முட்டினான். மூக்கெலும்பு நொறுங்கியது. பாவிப்பயல், அப்போதும் விழவில்லை! ரத்தம் ஒழுக மறுபடி பின்சக்கரத்தோடு வந்து ஒட்டிக்கொண்டு, பாய்வதற்காகத் தலையைக் கவிழ்த்தான். அத்தனை வருடப் பழக்கம். அடித்துக்கொண்டவன் முதுகையே நம்பி வந்தான்.

முன்னால், குழாய் பதிக்க வெட்டிய பள்ளம் பாதிச் சாலையை அடைத்துக் கிடந்தது. லட்சுமணசாமியின் இடது கை தானாகவே கைப்பிடியை விட்டு இறங்கப் பார்த்தது. அதை இறுக்கிப் பிடித்து நிறுத்திக்கொண்டான். கடைசி நொடியில் சட்டென்று வலப்பக்கம் ஒடித்தான்.

பின்னால் இரும்பு மடங்கும் சத்தம். பிறகு ஓர் அலறல்.

கோட்டைத் தாண்டும்போது அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மேனேஜர் பாலகோபால் ஓடிவந்து மாலையைப் போட்டார். "வேல உனக்குத்தான் கண்ணு!"

அதற்குள் நாலு பேர் தம்பிதுரையைத் தூக்கிவந்தார்கள். தொடையெலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. முன்பற்களைக் காணோம். இனி அவன் சைக்கிள் மிதித்த மாதிரிதான். கண்டபடி திட்டப்போகிறான் என்று லட்சுமணசாமி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

தம்பிதுரை ரத்தத்தைத் துப்பினான். "பள்ளம் உனக்கும் தெரியலயா மாப்ளே? நீயும் உழுந்துபோட்டயோன்னு பயந்துட்டேன்."

தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும். பாலகோபால் பக்கத்திலேயே நின்றார்.

"தெரியலடா" என்றான் லட்சுமணசாமி.