ஹாலுக்கு ஒன்று, படிக்கு ஒன்று

ஃபகருன்னிசா செருப்பைக் கழற்றிவிட்டு, கடை நடுவில் விரித்திருந்த கார்பெட்டின் மேல் ஏறி, குதிகாலை அழுத்தித் திருகினாள். குனிந்து, மிதிபட்ட இடம் எழும்புகிறதா என்று பார்த்தாள். எழும்பவில்லை.

"இது வேணாங்க. ரெண்டு மாசத்துல படுத்துக்கும்."

"எல்லாரும் இதத்தான்கா கேக்கறாங்க," என்றார் கடைக்காரர் நாராயணப்பன்.

"கேக்கட்டும். அடுத்தத விரிங்க."

கூட வந்திருந்த மகள் கௌசருக்குச் சிரிப்பு வந்தது. பெருநாளைக்குப் புடவை எடுக்கக்கூட அம்மா பத்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. இன்றைக்கு ஒன்றரை மணி நேரமாகக் கடையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஓசூர் சிப்காட்டில், கார்களுக்குத் தரைவிரிப்பு செய்யும் கம்பெனியில் நின்று வேலை பார்த்தவள். அத்தா போன பிறகு கெலமங்கலத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் கௌசரையும் தப்ரேஸையும் வளர்த்து, இப்போதுதான் மாடியோடு சொந்த வீடு கட்டி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை குடிபோக வேண்டும்.

"இங்க பாரு கண்ணு." அம்மா ஒரு துண்டை மடக்கிக் காட்டினாள். "மடக்குனா அடித்துணி தெரியுது பாரு. இதப் படிக்கட்டுல போட்டா விளிம்பு தேஞ்சு போயிரும். படிக்கு நூலு கட்டையா, நெருக்கமா இருக்கணும்."

"ஹாலுக்கு?"

"நைலான். ஜனம் வந்து போற எடம். கலரு கலந்தாப்புல இருந்தா அழுக்கு தெரியாது. சமையக்கட்டு வாசலுக்கு ரப்பர் அடி வெச்சது ஒண்ணு போதும்."

கௌசர் கையை ஒரு பால்நிறக் கார்பெட்டின் மேலிருந்து எடுக்கவேயில்லை. நீள நீளமான நூல்.

"என் ரூமுக்கும்மா."

அம்மா மணிக்கட்டு மறையும்வரை அதற்குள் கையை விட்டாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று கௌசர் காத்திருந்தாள்.

"பூனக்குட்டி மாரி இருக்குது. உன் ரூம்ல நீ ஒருத்திதான நடக்கப்போற, எடுத்துக்க."

ஹால் அளவும் படி அளவும் அம்மாவுக்கு மனப்பாடம். நாராயணப்பன் எழுதிக்கொண்டார். நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து விரித்துவிடுவதாகவும், அறை அளவை மட்டும் போனில் சொன்னால் போதும் என்றும் பேச்சு.

வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அம்மா வாய் மூடவில்லை. புதுவீட்டுப் படியில் உட்கார்ந்து, சிமெண்டுக் கடை கொடுத்த காலண்டர் தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மூச்சு வாங்குது. நீ போய் அளந்து சொல்லு."

கௌசர் டேப்போடு மாடிக்கு ஓடினாள்.

"நீளம் பன்னண்டடி ஆறு இஞ்ச்."

"பன்னண்டு ஆறு," கீழிருந்து குரல் வந்தது.

"அகலம் பத்து ரெண்டு."

"பத்து ரெண்டு."

"சன்னலோரம் ஒரு தூண் வருதும்மா. அங்க எட்டு இஞ்ச் கொறையுது."

பதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை அளந்தாள். எட்டுதான்.

"எட்டும்மா."

கீழே வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். பென்சில் விரலிடுக்கில் இருந்தது.

தப்ரேஸ் ஆட்டோ பிடித்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மாரடைப்பு, வரும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அம்மாவின் உடலைப் புது வீட்டுக்கே கொண்டுவந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள்.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. தோளில் ரோலோடு இறங்கிய நாராயணப்பன் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து நின்றுவிட்டார். அம்மாவோடு வேலை பார்த்த நஞ்சம்மா எழுந்துபோய், அவரிடம் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னொரு நாளைக்கு வாங்கண்ணா."

கௌசர் பாயிலிருந்து எழுந்தாள்.

"விரிக்கட்டும்க்கா. நாளெல்லாம் ஜனம் வரும். தரை சில்லுனு இருக்குது."

பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். நாராயணப்பன் விரித்தார், மூலைகளை வெட்டினார். வாசலுக்கு வந்ததும் கத்தியை நிறுத்தினார்.

"கதவுகிட்ட எவ்ளோ விடறதும்மா?"

கௌசர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரலைக் கொடுத்துப் பார்த்தாள்.

"கதவு திரும்புற அளவுக்கு வளைச்சு வெட்டிருங்க."

அவர் வெட்டி முடித்தபோது, அடக்கம் செய்யக் கபுருஸ்தானுக்குப் போனவர்கள் திரும்பும் சத்தம் தெருமுனையில் கேட்டது. கௌசர் கதவை இழுத்துப் பார்த்தாள். அது எங்கும் உரசாமல் சுவர்வரை போய் நின்றது. அப்படியே திறந்து வைத்தாள்.