முகம் பார்க்காத மாப்பிள்ளை

தக்ஷாயினியைப் பெண் பார்க்கத் தாய் தகப்பனோடு செங்கலடிக்கு வந்த நிலோஜன், அரை மணி நேரமாகியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தேநீரை நீட்டியபோதும் கோப்பையைத்தான் பார்த்தான். அவளை வளர்த்த பெரியம்மா மங்கையற்கரசிக்கு முகம் கறுத்துவிட்டது.

தக்ஷாயினிக்கோ பெரிய ஆறுதல். காலையிலிருந்து பெரியம்மா அவளுக்கு ஒரே பாடம்: "ஆளுட முகத்தப் பாத்துக் கதை. சிரி. கொக்கு, நாரையெண்டு தொடங்கிராத." தனக்கு ஓட்டிசம் என்பது அவளுக்குச் சென்ற வருடம்தான், முப்பது வயதில், மருத்துவர் சொல்லித் தெரிந்தது.

நிலோஜனுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. வாவி நிரம்பி வயல் மூழ்கினால் கடலுக்கு நீர் போக, மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். "இந்த முறை எப்ப வெட்டின?" என்று பெரியம்மா பேச்சுக்குக் கேட்டாள். அவன் தேதியைச் சொன்னான். பிறகு முந்தைய வருடத்துத் தேதி. அப்படியே இருபது வருடம் பின்னால் போனான்.

"வெட்டின மறுகா கொக்கு வாற நாளெல்லாம் நான் எழுதி வெச்சிருக்கன்," என்றாள் தக்ஷாயினி.

அவன் முதன்முறையாக நிமிர்ந்து, அவளுடைய காதுத் தோட்டைப் பார்த்து, "மெய்யா? தருவீங்களா?" என்றான்.

இருவரையும் தனியாகப் பேச முற்றத்துக்கு அனுப்பினார்கள்.

"கண்ணப் பாத்துக் கதைக்கக் கஸ்டமா?" என்று அவள் கேட்டாள்.

"பாத்தா சொல்ல வந்தது மறந்துபோகும்."

"கலியாண வீட்டுச் சத்தம்?"

"அக்காட கலியாணத்துக்கு நான் வேனுக்குள்ளதான் இருந்தன்."

"ஆக்கள் பகிடி விட்டுச் சிரிச்சா?"

"வீட்ட போன மறுகாதான் விளங்கும்."

"எனக்கும் அப்படித்தான். எனக்கு ஓட்டிசம். உங்களுக்கும் இருக்கும்போல. நான் டொக்டர் இல்ல, ஊகம்தான்."

"இதுக்கு ஒரு பேர் இருக்கா? எல்லாரும் எனக்குத் திமிர் எண்டுதான் சொன்னவங்க."

உள்ளே போனதும் அவன் அவள் சொன்னதை எல்லோர் முன்னாலும் அப்படியே சொல்லிவிட்டான். பெரியம்மா தலையில் கைவைத்தாள். அவனுடைய தாய் கண்ணகையோ தக்ஷாயினியை அருகில் இருத்தி, அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் பார்வை கணவர் வினாயகமூர்த்தி மேல் போனது. அவர் தட்டிலிருந்த முறுக்குகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இது தெரியாம முப்பத்தஞ்சு வருசம் இந்த மனிசனோட சண்டை பிடிச்சிருக்கன்," என்றாள் கண்ணகை.

"நான் பிடிக்கல்ல. நீதான் பிடிச்ச," என்றார் அவர், நிமிராமல்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவர் நிலோஜனுக்கு அதையே உறுதிப்படுத்தினார். தகப்பன் தனக்குச் சோதனை வேண்டாமென்றுவிட்டார். ஆவணியில் பதினொரு பேர் முன்னிலையில் பதிவுத் திருமணம் நடந்தது. சாப்பாடு முடிந்ததும் மணமக்கள் யாரிடமும் சொல்லாமல் பின்கதவால் போய்விட்டதை, பாத்திரம் கழுவும்போதுதான் பெரியம்மா கவனித்தாள்.