ஒரு ஒன்று குறைகிறது

நைலோன் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று அண்ணனின் இறுதிக்கிரியை பேனரை வாசலுக்கு மேலே மூங்கிலில் கட்டிக்கொண்டிருந்தான் கஜேந்திரன். படத்துக்குக் கீழே கண் போனதும் வாயிலிருந்து கயிறு நழுவியது. ‘கணித ஆசான் இந்திரகுமார்’ என்ற பெயருக்கு அடியில், வேலிக்கம்பு நட்டதுபோல ஒன்று, ஒன்று, ஒன்றாக ஒரு வரிசை.

அது அவனுடைய எண்.

சின்ன வயதில், இறப்பர் புகைக்கூடத்துச் சுவரில் அண்ணன் கரித்துண்டால் பத்தொன்பது ஒன்று எழுதிக் காட்டினார். இது முதன்மை எண், தன்னாலும் ஒன்றாலும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாது, எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் மாறாது, நானே கண்டுபிடித்தது, நமக்குள் இருக்கட்டும் என்றார். கஜேந்திரன் அதைக் காப்பாற்றினான். யட்டியாந்தோட்டை ஸ்டாண்டில் த்ரீவீலோடு சவாரிக்குக் காத்திருந்த நேரமெல்லாம் மூன்றால் வகுத்தான், ஏழால் வகுத்தான், பதின்மூன்றால் வகுத்தான். ஒவ்வொரு தடவையும் ஒன்று மிஞ்சியது. தோற்றுத் தோற்றே இவ்வளவு பெருமைப்பட்ட மனிதன் அந்த ஸ்டாண்டில் வேறு யாருமில்லை. சிகரெட் பெட்டியில் அவன் கிறுக்கிய கோடுகளை, குடித்த கிளாஸ் கணக்கென்று நினைத்து மனைவி புஷ்பம் ஒரு வாரம் பேசாமலிருந்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான் பேனர் அடித்த முக்தார்.

“இந்த நம்பர் ஒனக்கு எப்படித் தெரியும்?”

“டியூசன்ல சேர் எனக்கு மட்டும் செல்லித் தந்தது அண்ணே. மவுத்தான மனிசனுக்கு இனி என்ன ரகசியம் எண்டுதான் போட்ட.”

பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு வந்த அண்ணன் மகள் ஷாமிளாவின் அழுத முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

“எனக்கு மட்டும்னுதான் எனக்கும் சொன்னாரு சித்தப்பா. அது நூறு வருசத்துக்கு முந்தியே வெளிநாட்டுல கண்டுபிடிச்சது. போன்ல தேடினா வருது.”

கஜேந்திரன் இறங்கி உள்ளே போனான். மூக்கில் பஞ்சோடு, ஒன்றும் அறியாத முகத்தோடு படுத்திருந்தார் அண்ணன். ஏதாவது கேட்டுவிடலாம் போலிருந்தது.

வெளியே வந்து, வேறு வேலையில்லாமல் பேனரில் இருந்த ஒன்றுகளை எண்ணினான். பதினெட்டு. விரல் வைத்து மறுபடி எண்ணினான். பதினெட்டேதான். அவசரத்தில் முக்தார் ஒன்றை விட்டிருந்தான். இனி மூன்றும் வகுக்கும், ஏழும் வகுக்கும், பதின்மூன்றும் வகுக்கும், ஒன்றும் மிஞ்சாது. அண்ணனிடம் டியூசன் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் கீழேதான் நடந்து வரப்போகிறார்கள். இருக்கட்டும் என்று நினைத்தான். அண்ணனுக்கு நல்லா வேணும்.

தப்பு மேளச் சத்தம் எழுந்தது. பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள்.

“கொஞ்சம் நில்லுங்க” என்றான் கஜேந்திரன். தலைமாட்டில் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தி ஒன்றை உருவிக்கொண்டு போய் நாற்காலியில் ஏறினான். வரிசையின் கடைசியில், மூங்கில் வெடிப்பில், அதை நிமிர்த்திச் செருகினான்.

“அங்க எதுக்குங்க பத்தி?” என்று கேட்டாள் புஷ்பம்.

“சும்மா” என்று சொல்லிவிட்டு, பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனான்.

பெட்டி பேனரின் கீழே கடந்தபோது காற்றில்லை. புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.