நிமிர்ந்து நின்ற மெழுகுவர்த்தி

சாஃப்தா புருஷனின் தலையணைக்கு அடியில் கைவிட்டு மெழுகுவர்த்தியை உருவியபோது நெக்குலாய் கண்ணைத் திறந்தார்.

"இன்னும் நேரம் வரலடி. அடுப்புல என்னமோ தீயுது, போய் அதைப் பாரு."

வெங்காயம் தீய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள். மூச்சு விட்டுவிட்டு வருகிறதே என்று பதறிப்போய் மெழுகுவர்த்தியைத் தேடினால், சாகக்கிடக்கிற மனுஷன் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் இதே கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் சிரிக்கவில்லை.

நெக்குலாய் ருமேனியாவின் ப்ரயிலா ஆற்றுத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அடிவயிற்றில் ஆரம்பித்த புற்று முதுகெலும்புக்கு ஏறிவிட்டது என்று தெரிந்தபோது அவர் சாவுக்குப் பயப்படவில்லை. எரிகிற மெழுகுவர்த்தி கையில் இல்லாமல் போய்விடுவோமோ என்றுதான் பயந்தார். அது இல்லாமல் போகிறவன் அந்தப் பக்கம் இருட்டில் தடவிக்கொண்டே திரிவான் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அவருடைய தம்பி கப்பலின் அடிக்கிடங்கில் சரக்கு சரிந்து அப்படித்தான் போனான். அவனுக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விளக்கு வைத்தும் நெக்குலாயின் மனசு ஆறவில்லை.

"என் வெளிச்சத்தை நான்தான் பிடிப்பேன். யாரும் என் விரலை மடக்கிவிட வேண்டாம்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அதனால்தான் வலிக்குக் கொடுத்த மார்ஃபினைத் தொடமாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் ஒத்திலியா ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"வலி எவ்வளவு மாமா? ஒண்ணுமில்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து."

"ரெண்டு."

சொல்லும்போது கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருப்பார். கம்பி கிடுகிடுவென்று ஆடும். துறைமுகத்தில் எந்தக் கூலிக்காரன் மேஸ்திரியிடம் மூட்டை கனக்கிறது என்று சொன்னான்?

கூட மூட்டை தூக்கிய பனாயித் வேறு சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துகொள்வார். "அந்த மருந்தைக் குடிச்சா தூங்கிடுவே. தூக்கத்துலயே போயிடுவே. அப்புறம் உன் பொண்டாட்டிதான் பொணத்துக் கையில மெழுகுவத்தியைச் சொருகணும்."

சாஃப்தாவுக்கும் அதே பயம். காலையில் போர்வையைத் துவைக்கும்போது அதன் ஓரத்தில் பல் பதிந்து கிழிந்த இடங்களைப் பார்ப்பாள். தைத்து வைப்பாள்.

ஒருநாள் ஒத்திலியா தலையணைக்கு அடியிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பவே பிடிங்க மாமா, பார்க்கலாம்."

"இதென்ன பெரிய வேலை" என்று வாங்கிப் பிடித்தார். நேராகத்தான் பிடித்தார். அப்போது முதுகிலிருந்து வலி வெட்டிக்கொண்டு வந்தது. கை தானாக இறுகியது. படக்கென்று ஒரு சத்தம். மெழுகுவர்த்தி நடுவில் ஒடிந்து, திரியில் தொங்கியது.

சாஃப்தா ஒத்திலியாவின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு இல்லம்மா. பத்து. இந்த ஆளு சொல்றதைக் கேக்காதே. பத்துன்னு எழுதிக்கோ."

நெக்குலாய் தொங்குகிற மெழுகுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூட்டை கூடிப்போச்சு பொண்ணே. ரெண்டை இறக்கி வையி" என்றார்.

மருந்து குடித்த முதல் இரண்டு நாளும் தூங்கினார். பனாயித் வாசலில் நின்றபடியே, "நான் சொன்னேன்ல?" என்றார். சாஃப்தா பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிடலாமா என்று கையில் எடுத்தேவிட்டாள். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று ஒத்திலியாவுக்குப் போன் போட்டாள்.

"கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறாரா அத்தை? மூச்சு சீராத்தானே இருக்கு? அப்ப விடுங்க. எத்தனை ராத்திரித் தூக்கம் பாக்கி இருக்கு அவருக்கு! நேரம் தவறாம குடுங்க. வலி வந்து நிக்கிறவரைக்கும் காத்திருக்காதீங்க."

மறுநாள் எழுந்து உட்கார்ந்து புளிப்புச் சூப் கேட்டார். இரண்டு கிண்ணம் குடித்தார். மயக்கம் தெளிந்ததும் வேறொரு சண்டை தொடங்கியது.

"முதுகு வேலைக்கு வந்துடுச்சு, வயிறு ஸ்டிரைக் பண்ணுது" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். இந்த மருந்து மலத்தைக் கட்டத்தான் செய்யும் என்று ஒத்திலியா சிரித்துக்கொண்டே பேதி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தாள். சாஃப்தா உலர்ந்த பிளம் பழங்களை ஊறவைத்தாள். ஸ்டிரைக் முடிந்த அன்று பனாயித்தை உட்காரவைத்து டோமினோ ஆடி, ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்கடித்தார்.

"தூங்கிடுவேன்னு சொன்னியே? முழிச்சிருக்கிற நீ ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டேன்!"

போர்வை கிழிவது நின்றுபோயிருந்தது. சாஃப்தா ஊசி நூலை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டாள்.

வெங்காயம் தீய்ந்த இன்றைக்கு, மத்தியானம், ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரை வந்திருந்தது. ஆற்றில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

"இப்பக் குடு" என்றார்.

அவள் புது மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்தாள். தன் கையையும் சேர்த்து வைக்கப் போனாள். அவர் முறைத்தார். எடுத்துக்கொண்டாள்.

"வலி எவ்வளவுய்யா?"

"ரெண்டு."

அவள் கட்டில் கம்பியைப் பார்த்தாள். ஆடவில்லை. அதில் அவர் கை இல்லை. கை நெஞ்சுமேல் மெழுகுவர்த்தியோடு இருந்தது.

"வெங்காயம் முழுசும் தீஞ்சுதா?"

"பாதிதான்."

"நாப்பது வருஷமா பாதிதான்" என்றார். உதடு சிரிப்பில் கோணியது.

அவர் மூச்சு விட்டபோதெல்லாம் சுடர் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சாய்ந்தது, நிமிர்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுடர் சாயவில்லை. கோயில் தூண் மாதிரி நேராக எரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் எரியவிட்டாள்.

செய்தி கேட்டு பனாயித் வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"நீ பிடிச்சியா?"

சாஃப்தா இல்லையென்று தலையசைத்தாள்.

பனாயித் குனிந்து, அந்தக் கைக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைப் போர்வையை ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவிப் பார்த்தார். உருகிய மெழுகெல்லாம் நெக்குலாயின் கட்டைவிரல்மேல் வழிந்து உறைந்திருந்தது. போர்வையில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்கவில்லை.