பொதுச் சிலுவை

வெடிவிபத்து நடந்து ஆறு ஆண்டுகள் கழித்து ரூபி அதைப் படிக்கப் போனாள்.

பகலில் சிங்கப்பூரின் பிடோக் அரசாங்க மருந்தகத்தில் டாக்டர் வேலை. மாலையில் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம். ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று பேராசிரியர் கேட்டார். பெரும் விபத்துகளில் செத்தவர்களை அடையாளம் காணும் முறை என்றாள். உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றுவது பற்றித்தான் எல்லாரும் எழுத வருகிறார்கள் என்று அவர் சொன்னார். குறை சொல்லும் குரல் இல்லை. ஆனாலும் அவள் அவர் மேசை மேலிருந்த காகித எடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

1979இல் தீவின் மேற்குக் கரையில் ஒரு கப்பல் பட்டறையில் எண்ணெய்க் கப்பலின் தொட்டி வெடித்தது. செத்தவர்களில் ஒருவரின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. வெல்டர் சவரிராஜ். அவள் அப்பா. அவர் எங்கே போனார் என்று கேட்க மகளுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. போன இடத்திலெல்லாம் அனுதாபத்தோடு திருப்பி அனுப்பினார்கள். ஆய்வு மாணவி என்றால் கதவு திறந்தது. அதற்காகத்தான் இந்தப் பட்டம். பேராசிரியரிடம் அதை அவள் சொல்லவில்லை.

செத்தவர்களின் குடும்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாக மிஞ்சியவர் நூருல் அமீன். டன்லப் ஸ்ட்ரீட்டில் கைலிக் கடை வைத்திருந்தார். விபத்தில் இறந்த ஃபிட்டர் அப்துல் ஹமீதின் அண்ணன்.

"டாக்டர்னு சொன்னதும் ஊசி கொண்டாந்திருப்பீங்கன்னு பயந்துட்டேன் லா," என்று சிரித்தபடி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

மாடியிலிருந்து அவருடைய வயதான தாயின் குரல் வந்தது. "அமீனு, யாருடா வந்திருக்கா?"

"யூனிவர்சிட்டிலேர்ந்து உம்மா. ஹமீது விசயமா."

மேலே மின்விசிறி மட்டும் தடதடத்தது.

சவக்கிடங்கில் தம்பியை எப்படி அடையாளம் கண்டார் என்று ரூபி கேட்டாள்.

"முகம் இல்லை டாக்டர். வேலைக்குப் போடுற ஓவரால்தான். நெஞ்சுல பேரு தச்சிருக்கும். எங்க உம்மா தச்சது, செவப்பு நூல்ல. அதப் பாத்ததும் ஆமான்னுட்டேன். ஆபீசர் சீனரு, நல்ல மனுசன். உங்க ஆளுங்க சீக்கிரம் அடக்கணும்ல, மத்த வேலைய அப்புறம் பாத்துக்கலாம், கொண்டு போங்கன்னாரு. சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னாடி சுவா சூ காங் மையவாடிக்குப் போய்ச் சேந்துட்டோம்."

"குளிப்பாட்டினது யாரு?"

எல்லாக் குடும்பத்திடமும் அவள் கேட்ட கேள்விதான். சிலர் அழுதார்கள், சிலர் சவப்பெட்டிக் கடைக்காரர் பெயரைச் சொன்னார்கள். நூருல் அமீன் கையிலிருந்த கைலியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அண்ணன் நான் இருக்கும்போது வேற யாரு?"

"உடம்புல மச்சம், தழும்பு, ஏதாச்சும் பாத்தீங்களா?"

"மய்யித்தக் குளிப்பாட்டுறவன் பாத்தத வெளிய சொல்லக் கூடாது. எங்கள்ல அது அமானிதம், நம்பி ஒப்படைச்சது."

சரி என்று பேனாவை மூடினாள். எழுந்துகொண்டவளை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அப்பா பேரு என்ன டாக்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். "சவரிராஜ்," என்றாள்.

"உள்ள வரும்போதே நெனச்சேன். நெத்தி அப்படியே இருக்கு. நோன்புப் பெருநாளைக்கு ஹமீதோட சாப்பிட வருவாரு. எங்க உம்மாகிட்ட, 'கறி பத்தல, உருளைக்கிழங்குதான் நெறைய இருக்கு'ன்னு சண்ட போடுவாரு."

ரூபி மறுபடி உட்கார்ந்தாள். ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார். நூருல் அமீன் அவரை அப்புறம் வரச் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்தார். பிறகு மடித்த கைலியை அலமாரியில் வைத்தார்.

"இடுப்புக்குக் கீழ துணி போட்டுத்தான் கழுவுவோம்," என்றார் கடைசியில். "பாக்கக் கூடாது. கையில துணி சுத்திக்கிட்டு, போத்தின துணிக்கு அடியில கழுவணும். தண்ணி ஊத்துன ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. என் கைக்குத் தெரிஞ்சிச்சு."

"என்ன தெரிஞ்சிச்சு?"

"சுன்னத் பண்ணாத உடம்பு."

அவள் ஒரு டாக்டர். ஒவ்வொரு சொல்லின் பொருளும் உடனே புரிந்தது. ஆனாலும் அது தனக்குச் சொல்லப்பட்டது என்று புரியச் சற்று நேரமானது.

"ரெண்டு பேருக்கும் ஒரே லாக்கர்," என்றார். "உங்க அப்பா ஓவரால்ல எண்ணெ கொட்டிக்கிட்டா தம்பியோட ஸ்பேரப் போட்டுக்குவாரு. அன்னிக்கும் அப்படித்தான் இருந்திருக்கணும்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"வெளிய உம்மா உக்காந்திருக்கு. ஜனங்க எல்லாம் தொழுகைக்கு நிக்கிறாங்க. உள்ள தூக்கிட்டுப் போன மகனத் திருப்பி எடுத்தாந்து, இது ஒன் மகன் இல்ல, ஒன் மகன் கடல்ல கெடக்கிறான்னு சொல்லவா? துணிய இழுத்து மூடிட்டேன். மறுநாள் பேப்பர்ல சவரிராஜக் காணோம்னு போட்டிருந்தான்."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"ஆமா." அவர் அதற்குமேல் தன்னைக் காத்துக்கொள்ள முயலவில்லை. "எழுதுவீங்களா?"

அவள் மூடிய பேனாவைப் பார்த்தாள்.

"எழுதினா, நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு சொல்லிடுவேன். உம்மா இருக்கிற வரைக்கும். அதுக்கு அப்புறம் நீங்க என்ன வேணாச் செய்ங்க."

மாடியிலிருந்து மறுபடி குரல் வந்தது. "அமீனு, அந்தப் புள்ளைக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தியாடா?"

அன்று மாலை ரூபி சிராங்கூன் ரோடு முழுக்க நடந்தாள். பூக்கடைகளில் மாலை வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தாள். அந்த அதிகாரி இரக்கப்பட்டுத்தான் உடலைக் கொடுத்தார். ஒரு தாய் மகனுக்குப் பெயர் தைத்துக் கொடுத்தாள். ஒருவன் நண்பனுக்கு மாற்றுடை கொடுத்தான். எல்லாரும் செய்யவேண்டியதையே செய்திருந்தார்கள். துணியை இழுத்து மூடிய கையிடம் மட்டும் அவள் திரும்பத் திரும்ப வந்தாள். வெளியே அம்மா பிரிஜட் உட்கார்ந்திருந்து, உள்ளே தான் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தாள். தெரியவில்லை. தெரியாதது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை.

பேராசிரியரிடம் பெயர்களை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். சொன்னவர் மறுக்கப்போகும் ஒரே வாக்குமூலம், வேறு சான்று இல்லை, அதை ஆய்வில் சேர்க்க முடியாது என்றார் அவர். சரியான பேச்சு. புதைத்த எலும்பை எடுத்தாலும் அது யாருடையது என்று உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் அந்த ஆண்டுகளில் அவர்கள் கையில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பிரிஜட் சமையலறையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ரூபி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் விரல்கள் கொஞ்சநேரம் தம்பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டேயிருந்தன. தலைகள் எல்லாம் மீனோடு கலந்து விழுந்தன.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"நல்லா கழுவினாங்களாமா? அப்பா நகத்துல எப்பவும் கிரீஸ் இருக்குமே."

"அது கேக்கலம்மா."

"கேட்டிருக்கலாம்ல." பிரிஜட் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். "தோண்டி எடுக்கச் சொல்லு."

"அவரு வந்து சொல்லணும். சொல்லமாட்டாரு."

"நீ எழுதுறதுல போடு."

"போட முடியாதும்மா. சாட்சி இல்ல."

"அப்ப எதுக்குடி படிச்ச?"

ஆய்வேட்டை ரூபியே தட்டச்சு செய்தாள். இரண்டு தனித்தனி அடையாளங்கள் ஒத்துப்போகும்வரை, எந்த மத வழக்கத்தை முன்னிட்டும் உடலை ஒப்படைக்கலாகாது என்று பரிந்துரைத்தாள். இறந்தவர்களின் அட்டவணையில், காணாமல் போனவர் ஒருவர் என்று தட்டினாள். அந்த வரியில் விரல் தடுக்கவில்லை. தடுக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். பரிந்துரை தெளிவாக இருக்கிறது என்று தேர்வாளர்கள் பாராட்டினார்கள். பட்டம் கிடைத்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. பங்குக் கோயில் ஆட்கள் பஸ் பிடித்து சுவா சூ காங் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். கல்லறை உள்ளவர்கள் அவரவர் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கினார்கள். போரில் போனவர்கள், கடலில் போனவர்கள், ஊர் தெரியாமல் போனவர்கள், இவர்களுடைய ஆட்கள் நடுவிலிருந்த பொதுச் சிலுவையின் அடியில் கூடினார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் வழக்கமான இடம் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போன அப்பாவுக்காக வரும் ஜோசபின், பிரிஜட்டைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வா பிரிஜட். ஒன் எடத்த யாருக்கும் விடல. போன வருசம் மாதிரி காத்து இல்ல, மெழுகுவர்த்தி நின்னு எரியும்."

பிரிஜட் உட்காரவில்லை. மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, தீப்பெட்டி மறந்துட்டியா? இந்தா."

"இது கல்லற இல்லாதவங்களுக்கு ஜோசபின்," என்றாள் பிரிஜட். "எங்க ஆளுக்குக் கல்லற இருக்கு."

ஜோசபின் நீட்டிய தீப்பெட்டியோடு ரூபியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், பிரிஜட்டுக்கு என்னவோ ஆகிவிட்டதோ என்ற பயம் இருந்தது. ரூபி அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா தொடவிடவில்லை. மெழுகுவர்த்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் முஸ்லிம் மையவாடி. கெம்போஜா மரங்கள், அவற்றின் அடியில் சின்னச் சின்னக் கற்கள். மண் லாரிகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன.

"போலாமாம்மா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"கல்லுல என்ன பேரு?"

"அப்துல் ஹமீது."

பிரிஜட் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு லாரி போனது. பின்னாலேயே இன்னொன்று. நடுவில் கடக்க நேரம் இருந்தது.

"அங்க போய் நான் யாருன்னு நிப்பேன்?"

பஸ் வந்து நின்றது. அம்மா முதலில் ஏறினாள். சிலுவையும் மையவாடியும் பார்வையிலிருந்து மறையும்வரை, பைக்குள் கையை விட்டு அந்த மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து எடுத்தபோது அது அவள் கைச்சூட்டில் வளைந்திருந்தது.