பூட்டின பீரோ

தம்பியின் வலது கை சட்டைக்குள் நுழைவேனா என்றது. உயிர் போய் விறைத்துப்போன கையோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோனார் சித்தப்பா.

"முதுகுப் பக்கம் வெட்டித்தான் போடணும். கத்தரிக்கோல் எடும்மா."

கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியை எடுத்து அக்கா பீரோவைத் திறந்தாள். காய் நறுக்கும் கத்தி, பிளேடு, அடியில் அவனுடைய தையல் கத்தரிக்கோல். எல்லாவற்றுக்கும் பதினோரு வருஷச் சிறைவாசம். மனநல ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, "அவன் கைல கூரா எதையும் விட்டுடாத, எப்ப என்ன பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?" என்று ஆளாளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். யாரையும் கிள்ளிக்கூடப் பார்க்காதவன்! அத்தனை நல்ல தையல்காரன், அதன்பிறகு நூலைப் பல்லால் கடித்துத்தான் பட்டன் தைத்தான். துணி வெட்ட வேண்டுமென்றால், "அக்கா, கத்தரி" என்று வந்து நிற்பான். வெட்டி முடிக்கிறவரை அவள் பக்கத்திலேயே காவல் நிற்பாள்.

பக்கத்து வீட்டு அம்மா நெருங்கி வந்து காதோரம் கேட்டாள்.

"தானாவே ஏதாவது... பண்ணிக்கிட்டானா?"

"இல்லக்கா, மாரடைப்பு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு."

"ஆமாமா. வெளியில அப்படித்தான் சொல்லணும்."

பாவி! ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது அக்காவுக்கு. ஆனால் எந்த முகத்தோடு? முந்தாநாள் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இங்க அழுத்துது" என்றபோது, "மாத்திரை போட்டியா?" என்றுதான் அவளும் கேட்டாள். அன்றைக்குப் பார்த்த டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டினாரே தவிர, நெஞ்சில் குழாயைக்கூட வைக்கவில்லை. "எல்லாம் மனசுதான்" என்று தூக்க மாத்திரை எழுதினார்.

"நிஜமாவே வலிக்குதுக்கா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"சரிடா, ஆரம்பிக்காத" என்று அடக்கினாள். அவனும் அடங்கிவிட்டான்.

சித்தப்பா சட்டையை முதுகில் வெட்டி, இரண்டு கையையும் நுழைத்து, பட்டனைப் போட்டுவிட்டார். அவனே தைத்த சட்டை. முன்னாலிருந்து பார்த்தால் வெட்டினது தெரியவில்லை.

அவள் கத்தரிக்கோலை வாங்கித் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள். கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"இனி யாருக்கும்மா பூட்டுற?" என்றார் சித்தப்பா.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.