தோளுக்குச் சாட்சி

தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடியில், பட்டுச்சேலைப் பிரிவில் ஷண்முகப்ரியாவுக்கு மூன்று வருஷ வேலை. வந்தவர்கள் விரல் நீட்டும் சேலையை மேல்தட்டிலிருந்து இழுத்து, ஒரே வீச்சில் விரித்து, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். நாளுக்கு இருநூறு வீச்சு. அவளுக்கோ பிறவியிலேயே மூட்டெல்லாம் தளர்வு. கட்டைவிரலை மடக்கினால் மணிக்கட்டில் படும். போன வருஷம் வலது தோள் ஆறு முறை நழுவியது. ஆறு முறையும் ட்ரயல் ரூமுக்குள் போய்த் தானே சரிசெய்துகொண்டு, சிரித்த முகத்தோடு வந்து நின்றாள்.

திருவல்லிக்கேணியில் பிசியோதெரபி பார்க்கும் புஷ்ராதான் உடைத்துச் சொன்னார்.

"ஆபரேஷன்லாம் கடைசிலம்மா. உன் ஜவ்வே ரப்பர் மாதிரி கீது. இழுத்துத் தச்சாலும் திரும்பத் தளந்துடலாம். சுத்தி இருக்கற சதையத்தான் பலமாக்கணும். சின்னச் சின்ன எக்சர்சைஸ், ஆறு மாசம். எவனாவது உருவி விடறேன்னு வந்தா ஓடிடு. இன்னொண்ணு, அத்த நழுவ வுட்டு யாருக்கும் காட்டாத. ஒவ்வொரு வாட்டியும் இன்னும் லூசாவும்."

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பாள். கூட வேலை செய்யும் கயல், ஊரூர் மீனவக் குப்பத்துக்காரி, "இன்னா மச்சி, வலை இழுக்கறியா? மீனு எதுனா மாட்டுச்சா?" என்பாள். ஆனால் மேல்தட்டுச் சேலைகளையெல்லாம் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். பத்து வாரம் தோள் ஒரு தடவைகூட நழுவவில்லை.

ஆடித் தள்ளுபடி தொடங்கியது. கயலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். மறுநாளே ஷண்முகப்ரியா, ஸ்கேன் ரிப்போர்ட்டும் புஷ்ரா எழுதிக் கொடுத்த கடிதமுமாகச் சூப்பர்வைசர் அய்யாதுரையிடம் போனாள். நாலு மாசத்துக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, பார்சல் கவுண்டரில் போட்டால் நல்லது என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அய்யாதுரை அவள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவளை வேலைக்குக் கூட்டிவந்ததும் அவர்தான்.

"ஸ்கேன்ல கிழிசல் இல்ல, முறிவு இல்லன்னு போட்டிருக்கு. பொறவு என்னட்டி?"

"கிழியல அண்ணாச்சி. நழுவுது."

"நான் ஒரு நாளும் பாக்கலையே. சிரிச்சிக்கிட்டுலா நிக்க?"

"சிரிக்காம நின்னா நீங்க ஏசுவீயளே."

"வாய் மட்டும் நழுவல ஒனக்கு. பார்சலுக்குப் பத்துப் பிள்ளைய கேக்குது, ஆளுக்கொரு சீட்டோட. கண்ணால பாத்தாத்தான் நான் மேல பேச முடியும். காட்டு."

வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அவர் கடிதத்தை மடித்துத் திருப்பி நீட்டினார். அவள் வலது கையை முன்னால் நீட்டி உள்பக்கமாகத் திருப்பினாள். ஜாக்கெட்டுக்கு அடியில், தோளின் பின்புறம் ஒரு முஷ்டி முளைத்தது. அய்யாதுரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கையைப் பக்கவாட்டில் கொண்டுபோனாள். 'டொக்' என்று உள்ளே விழுந்தது. பத்து வார உழைப்பு போனது அவளுக்குத் தெரிந்தது.

"நெசந்தான்ட்டி. இரு, சின்ன முதலாளியும் ஒரு வார்த்த சொல்லணும்லா."

முதலாளி மகன் முத்துகிருஷ்ணன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"எங்க, காட்டுங்க."

"இப்பத்தான் அண்ணாச்சிகிட்ட காட்டுனேன்."

"நான் பாக்கலையே."

அவள் அய்யாதுரையைப் பார்த்தாள். அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரு தடவைதானே என்று கையை நீட்டித் திருப்பினாள்.

இந்த முறை திரும்பப் போகவில்லை. பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தாள். சதை இறுகிப் பூட்டிக்கொண்டது. முகமெல்லாம் வேர்த்தது. இடது கையால் முழங்கையைத் தாங்கியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போடுட்டி," என்றார் அய்யாதுரை. "முன்னால போட்ட மாதிரி போடு."

"வரல அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

முத்துகிருஷ்ணன் போனைப் பைக்குள் வைத்தான். "ஆட்டோ கூப்பிடுங்க. அப்புறம் அண்ணாச்சி, பார்சல்லயும் கட்டு தூக்கணுமே. இந்தக் கைய வச்சிக்கிட்டு அங்க என்ன செய்வாங்க? ஊருக்கு அனுப்பிருங்க. சரியானதும் பாப்போம்."

அய்யாதுரை தலையாட்டினார்.

"நாந்தான் சொன்னேன்லா முதலாளி," என்றார், "பிள்ள பொய் சொல்லாதுன்னு."